இரத்தமா, பழக்கமா?

"பட்டணத்துக்குப் போனால் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களோ?"

தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயரும் தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. மொழியும் வழக்கமும் இரத்தத்தில் ஊறியவை, அவை எங்கே போய்விடும் என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. அந்த ஆறுதல் சரிதானா? நம் நாட்டுச் சரித்திரத்தையே கேட்டுப் பார்ப்போம்.

மலாக்கா நகரின் காஜா பேராங் பகுதியில் மலாக்கா செட்டிகள் வாழ்கிறார்கள். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடிப்பதற்கு முன்பே, சுல்தான்கள் காலத்தில், வாணிகத்துக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். வந்தவர்கள் இங்குள்ள பெண்களை மணந்து தங்கினார்கள். நாளடைவில் தாயகத்தோடு இருந்த கப்பல் வாணிகம் குறைந்தது. அண்டைவீடும் அங்காடியும் அடுப்பங்கரையும் மலாய் பேசின. இன்று அவர்களுடைய வீட்டு மொழி மலாய். பெண்களின் மரபு உடை கெபாயாவும் சாரோங்கும்.

ஆனால் சமயத்தை அவர்கள் விடவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் வாழையிலை விரித்து முன்னோருக்குப் படையல் இடுகிறார்கள். பிள்ளை, படையாட்சி என்ற குடும்பப் பெயர்கள்கூட நிலைத்திருக்கின்றன. காரணம் எளிது. கோயிலைச் சுற்றி அவர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள், சமயம் தங்கியது. தமிழில் பேச ஆள் இல்லாமல் போயிற்று, மொழி நழுவியது.

இனி நம் கதைக்கு வருவோம். கங்காணி முறையில் ஆள் சேர்த்த காலத்தில், கங்காணி தம் சொந்த ஊருக்கே போனார். மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று அழைத்து வந்தார். அதனால் பல தோட்டங்களில் லயம் என்பது ஊரின் ஒரு துண்டாகவே இருந்தது. பெரட்டில் தமிழ், பால்வெட்டில் தமிழ், மாரியம்மன் திருவிழாவில் தமிழ். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்த பிறகும் தமிழ் நிலைத்தது. நாள் முழுதும் நம்மவரோடுதானே பழகினோம்!

யாழ்ப்பாணத் தமிழர்கள் ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வந்தார்கள். பட்டணத்துக் குடியிருப்புகளில் தங்கி, தங்களுக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டார்கள். தமிழ் ஒன்றுதான், ஆனால் பேச்சும் சமையலும் வேறாகவே இருந்தன. பேராவில் பாகான் டத்தோ பக்கம் தெலுங்கு மக்கள் ஒன்றாகக் குடியிருந்ததால் தெலுங்கு தங்கியது. யார் யாரோடு உண்டு, பேசி, பெண் கொடுத்து, பெண் எடுத்தார்களோ அதன்படியே வழக்கங்கள் பிரிந்தன.

இதில் கசப்பான பக்கமும் உண்டு. மூடிய வட்டம் மொழியைக் காத்தது போலவே சாதியையும் காத்தது. சில தோட்டங்களில் சாதி பார்த்து லயம் ஒதுக்கியதும் நடந்தது. வேலியைத் தாண்டிப் புதிய தொடர்புகள் வந்தபோதுதான் அது ஆட்டம் கண்டது. 1929இல் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்தது. வேறு வேறு தோட்டத்தார் ஒரே பத்திரிகையைப் படித்து, ஒரே சங்கத்தில் சந்தா கட்டியபோது, "நீ எந்த ஊர், எந்த ஆட்கள்?" என்ற கேள்வி சற்றே தணிந்தது.

மற்ற இனத்தாரோடு பழகியதும் வீணாகவில்லை. நாம் சொல்லும் 'கித்தா' மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மலாய்க்காரர் சொல்லும் கெடாய், காப்பால், பெத்தி என்பவை நம் கடை, கப்பல், பெட்டிதாம். மனிதர் கலந்த இடத்தில் சொல்லும் கலந்தது; யாருக்கும் நட்டமில்லை.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஒரே லயத்தில் இருந்தவர்கள் பத்துப் பட்டணங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். ஆகவே தாய்மார்களின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. லயத்தில் தமிழ் தானாக வளர்ந்தது. அடுக்குமாடியில் நாம்தான் வளர்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வீட்டில் பிள்ளையோடு தமிழில் பேசுங்கள். தமிழ்ப்பள்ளி அருகில் இருந்தால் அங்கே சேருங்கள். பழைய தோட்டத்தாரின் தொலைபேசி எண்களைத் திரட்டி ஒரு புலனக் குழு அமையுங்கள். ஆண்டுக்கொரு முறை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். பாட்டியின் தாலாட்டைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர், சீனர் பெருநாளுக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள். கதவைச் சாத்திக்கொண்டு காக்கும் பண்பாடு மூச்சுத் திணறிப் போகும்.

சாமான்களை லாரியில் ஏற்றும்போது, எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது என்று பார்க்கிறோம் அல்லவா? தமிழை ஏற்றிக்கொள்ளுங்கள். சாதியை லயத்தோடு விட்டுவிடுங்கள்.