வலைக்கண்ணைத் தாண்டும் காற்று

இதயத்தை நிறுத்திச் செய்யும் அறுவை சிகிச்சையில், இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து ரத்தம் உடலுக்குத் திரும்பும் குழாயில், காற்றுக் குமிழிகளையும் துகள்களையும் தடுக்க ஒரு சிறிய பிளாஸ்டிக் வடிகட்டி இருக்கும். அதற்குள் உள்ள பாலியஸ்டர் வலையின் கண்கள் பெரும்பாலும் 40 மைக்ரான். மூளையின் நுண்குழாய்களோ 10 மைக்ரானுக்கும் குறுகியவை. வலையை இன்னும் நெருக்கமாக நெய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் ரத்தம் பாயும் பாதை அது. சிவப்பணுவே 7, 8 மைக்ரான் இருக்கிறது. கண்ணைச் சுருக்கினால் அழுத்தம் ஏறும், அணுக்கள் உடையும், வலை அடைபடும். வடிகட்டி கடைசிக் காவல் மட்டுமே. ரத்தத்தில் காற்று நுழையும் இடங்களை அடைப்பதுதான் முதல் வேலை என்கிறேன்.

காரணம், காற்று திடத்துகளைப் போல நடந்துகொள்வதில்லை. நனைந்த வலையில் பரப்பு இழுவிசைதான் குமிழியைத் தடுத்து நிறுத்துகிறது. 40 மைக்ரான் கண்ணில் அழுத்த வேறுபாடு சுமார் 40 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் குமிழி நெளிந்து உள்ளே போய்விடும். கண்ணைவிடச் சிறியதோ தடையின்றியே போகும். அதனால்தான் பல வடிகட்டிகளில் ரத்தம் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. குமிழிகள் மேலே திரண்டு, உச்சியிலுள்ள மெல்லிய குழாய் வழியாக ரத்தத் தொட்டிக்குத் திரும்புகின்றன. அந்தக் குழாய் மூடிக் கிடந்தால் பிடிபட்ட காற்று வலைக்குப் பக்கத்திலேயே சேரும். 1955இல் மினசோட்டாவில் மருத்துவர்கள் டிவாலும் லில்லிஹையும் பயன்படுத்திய கருவியில் ஆக்ஸிஜனையே ரத்தத்துக்குள் குமிழிகளாக விட்டார்கள். ரத்தத்தையும் வாயுவையும் சவ்வால் பிரித்து வைக்கும் ஆக்ஸிஜனேட்டர் வந்தபின் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. இனி வடிகட்டி எதற்கு என்பவர்கள் மற்ற வாசல்களை மறக்கிறார்கள்: சிரைக் குழாயின் தளர்ந்த இணைப்பு, சிரிஞ்சில் ஏற்றும் மருந்து, நெஞ்சுக்குழியிலிருந்து உறிஞ்சும்போது கொழுப்புத் துளிகளோடு வரும் காற்று. ரத்தம் நிரப்புமுன் குழாய்களில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்துவது எளிய, நல்ல பழக்கம். மிஞ்சினாலும் அது ரத்தத்தில் விரைவில் கரைந்துவிடும்.

வடிகட்டியால் மூளைக்கு உண்மையில் பயன் உண்டா? 1994இல் 'ஸ்ட்ரோக்' இதழில் வெளியான, 100 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 8 வாரங்களுக்குப் பின் நினைவாற்றல் போன்ற திறன்கள் குன்றியிருந்தவர்கள் வடிகட்டி வைத்த குழுவில் 8%, வைக்காத குழுவில் 27%. சிறிய ஆய்வுதான். இயந்திரமே இல்லாமல் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் நினைவு மங்குகிறது என்ற மறுப்பும் சரியே. வயது, ரத்த அழுத்தம், பெருந்தமனியான அயோர்ட்டாவிலிருந்து கிளம்பும் கொழுப்புப் படிவு எல்லாம் அதில் சேரும். வேறு காரணங்கள் இருப்பதால் இந்தக் காரணம் இல்லை என்றாகிவிடாது. பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் எழும் ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. 3 கிலோ குழந்தையின் உடலில் ரத்தமே சுமார் 250 மி.லி.; தனி வடிகட்டியை நிரப்பும் திரவம் கூடினால் அந்த ரத்தம் மேலும் நீர்த்துப்போகும். இதற்காகவே வலையை ஆக்ஸிஜனேட்டருக்குள்ளேயே பொருத்தும் வடிவங்கள் வந்தன. குழந்தைக்கு அதையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த வலையின் கண்ணும் 30 மைக்ரானை ஒட்டியதுதான் என்பதால், சிரைக் குழாயில் காற்று தென்பட்ட கணத்தில் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் அது வரும் இடத்தைத் தேடி அடைத்தே ஆக வேண்டும்.