கண்வில்லையின் தரமும் விலையும்

கண்புரைச் சத்திரசிகிச்சையில் மங்கிய வில்லை அகற்றப்பட்டு, அதனிடத்திற் செயற்கை வில்லை பொருத்தப்படுகின்றது. 1949இல் இலண்டனில் ஹரல்ட் றிட்லி இதனை முதன்முதலாகச் செய்தபோது, வில்லையின் வலு மிகைப்பட்டமையால் நோயாளி கடுங் குறும்பார்வைக்கு உள்ளானார். மூக்குக்கண்ணாடியை மாற்றலாம்; கண்ணினுள் வைத்ததை எளிதில் மாற்றவியலாது. எனவே, பரிசோதனை யாவும் தொழிற்சாலையிலேயே முடிவுறல் வேண்டும்.

வலு, பிம்பத் தெளிவு, விளிம்பின் வழுவழுப்பு, கிருமி நீக்கம் என்பன அங்கு சோதிக்கப்படுகின்றன. கிருமி நீக்கப் பயன்படும் எதிலீன் ஒட்சைட்டு நச்சு வாயுவாதலின், அதன் எச்சமும் அளக்கப்படுகின்றது. நோயாளி இவற்றுள் எதனையும் தாமே சோதித்தறியார். ஆதலின், தரக்கட்டுப்பாடு வெறுந் தொழினுட்ப விடயமன்று. அது சமூகப் பொறுப்பு என்பது மனங்கொள்ளத்தக்கது.

தரம் வேண்டின் விலை உயர்ந்தே தீரும் என்ற வாதத்தை நாம் வரலாற்றின் வழி நோக்குதல் தகும். 1980களில் இறக்குமதி வில்லையை வாங்கவியலாத இந்திய ஏழைகள், சத்திரசிகிச்சையின் பின் தடித்த மூக்குக்கண்ணாடியுடனேயே வாழ்ந்தனர். அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் 1992இல் மதுரையில் தொடங்கப்பெற்ற ஆரோலாப், சர்வதேச நியமங்களுக்கமைந்த வில்லையை இறக்குமதி விலையின் ஏறத்தாழப் பத்திலொரு பங்கிற்கு வழங்கலாயிற்று. உள்நாட்டு உற்பத்தியினாற் குறைந்தவை செலவும் இலாப வீதமுமேயன்றிப் பரிசோதனை அன்று. ஏழையின் கண்ணுக்கெனத் தாழ்ந்த நியமம் எதுவும் வேண்டியதில்லை என்பதே நாம் இதிலிருந்து பெறும் முடிபாகும்.