பீரங்கி பிளந்த மதில்

இஸ்தான்புலின் வத்தன் சாலை பழைய நகர மதிலை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. 1950களில் வாகனங்களுக்காக மதிலை உடைத்துப் போட்ட அகலச் சாலை. அதன் தடத்தில் அன்று ஓடியது லைகஸ் ஓடை. 1453இல் நகரை முற்றுகையிட்ட ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தன் பெரிய பீரங்கிகளால் குறிவைத்ததும் இந்தத் தாழ்வான பகுதியைத்தான்.

413இல் எழுந்த மதில் அது. அகழி, வெளிமதில், அதற்குப் பின்னே 12 மீட்டர் உயரத்தில் 96 கொத்தளங்களுடன் உள்மதில். 447 நிலநடுக்கத்தில் 57 கொத்தளங்கள் விழுந்தன. ஹூணர் தலைவன் அட்டிலாவுக்கு அஞ்சி இரண்டே மாதத்தில் எடுத்துக் கட்டினார்கள். 626இல் அவார் படையினர் கவண்பொறிகளோடு வந்தார்கள், பிறகு அரேபியர்கள் வந்தார்கள். யாருக்கும் இந்த மதில் மசியவில்லை.

அதை மாற்றியவர் ஹங்கேரியிலிருந்து வந்த ஆர்பன் என்ற வார்ப்புக் கலைஞர். நகரை ஆண்ட பைசாந்தியப் பேரரசரிடம் முதலில் வேலை கேட்டார்; கூலி கொடுக்க அங்கே பணமில்லை. சுல்தானுக்கு அவர் வார்த்த வெண்கலப் பீரங்கி சுமார் 8 மீட்டர் நீளம். அரை டன்னுக்கும் மேற்பட்ட கல்குண்டு வீசும். ஆனால் ஒரு நாளைக்கு ஏழு முறைதான் சுட முடியும். அந்த இடைவெளிதான் நகரத்தாருக்கு உயிர். பகலில் இடிந்ததை இரவோடு இரவாக மரம், மண், மிலாறு, மண் நிரப்பிய பீப்பாய்கள் கொண்டு அடைத்தார்கள். கல் நொறுங்கிய இடத்தில் இளகிய மண் குண்டை வாங்கி அமுக்கிக்கொண்டது. பின்னாளில் ஐரோப்பாவெங்கும் கோட்டைகள் உயரம் குறைந்து, மண்மேடு தடித்துப் போனதும் இதே காரணத்தால்தான். ஆனாலும் 53 நாள் முற்றுகைக்குப் பிறகு, மே 29 அன்று, நகரம் விழுந்தது.

இன்று அகழியின் பல பகுதிகளில் காய்கறித் தோட்டங்கள். யெடிகுலே பக்கத்து லெட்யூஸ் கீரைக்கு நகரில் தனிப் பெயர். 2013இல் பூங்கா அமைப்பதாகச் சொல்லி அங்கே மதிலுக்கு உட்புறத்தில் இருந்த தோட்டங்களில் சிலவற்றை மண்ணும் இடிபாடும் கொட்டி மூடினார்கள். மதிலுக்கும் நல்ல வைத்தியம் கிடைக்கவில்லை. 1980களில் புதுக்கல் வைத்துப் பளிச்சென்று கட்டிய பகுதிகள் 1999 நிலநடுக்கத்தில் சரிந்தன. பக்கத்திலேயே பழைய கட்டுமானம் நின்றது.

யுனெஸ்கோ 1985இலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் இது. இங்கே புதிதாகக் கட்ட எதுவும் இல்லை. நிற்கும் கல்லுக்கு முட்டுக் கொடுங்கள். அகழியைத் தோட்டக்காரர்களிடமே விடுங்கள்.