கேந்தி கவரும், கொல்வது யார்?

நவம்பர் 15-ஆம் தேதி தக்காளி நடப்போகிறவர், கேந்தி விதையை அக்டோபர் 6-ஆம் தேதியே நாற்றங்காலில் தூவியிருக்க வேண்டும். தக்காளி விதைக்கு அக்டோபர் 21 போதும். பொறிப்பயிர் பற்றி எங்களுக்கு வந்த கடிதங்களில் அதிகம் குழம்பியிருப்பது இந்த இடத்தில்தான். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் என்ன என்று மானூர், ஆலங்குளம் பக்கமிருந்து கேட்கிறார்கள். ஒரே நாளில் செய்ய வேண்டியது நடவு, விதைப்பு அல்ல. 40 நாள் கேந்தி நாற்றும் 25 நாள் தக்காளி நாற்றும், 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை கேந்தி என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. தக்காளி பூக்கும்போது பக்கத்தில் கேந்தியும் மொட்டும் பூவுமாக நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் 15 நாள் முந்தல். பிற மாவட்டங்களில் செண்டுமல்லி என்பார்களே, அதில் உயரமாக வளரும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

குழப்பத்துக்கு வாசகர்களைக் குறை சொல்ல முடியாது. வரப்பில் உளுந்து, ஓரத்தில் சோளம், நடுவில் கேந்தி, சுற்றி ஆமணக்கு என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பொறிப்பயிர் என்று சொல்லிவிடுகிறார்கள். நெல் வரப்பு உளுந்தும் தட்டைப்பயறும் பொறி அல்ல. பொறிவண்டும் சிலந்தியும் தங்கிப் பெருக இடம் கொடுப்பவை. ஓரத்துச் சோளம், சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் காற்றோடு உள்ளே வராமல் தடுக்கும் மறைப்பு. தாய் அந்துப்பூச்சி நம் பயிரைவிட எந்தச் செடியில் முட்டையிட விரும்புகிறதோ, அதுதான் பொறிப்பயிர்.

இந்தப் பயிர் பூச்சியைக் கவர்ந்து அழிக்கும் என்று விளக்கம் தருகிறார்கள். கவர்வது உண்மை. அழிப்பது செடியின் வேலை இல்லை. நம் கையின் வேலை. இதை அழுத்திச் சொல்லாததுதான் என்னை உறுத்துகிறது.

ஆமணக்கை எடுத்துக்கொள்வோம். நிலக்கடலை, பருத்தி, மிளகாய் வயல்களின் ஓரத்தில் அதை வைப்பது, விவசாயிகள் புரொடீனியா என்று சொல்லும் வெட்டுப்புழுவுக்காக. இதன் தாய் 200, 300 முட்டைகளை ஒரே குவியலாக இட்டுப் பழுப்பு மயிரால் மூடிவைக்கும். பொரித்த குஞ்சுகள் கூட்டமாகவே இருந்து இலையின் பச்சையைச் சுரண்டுவதால் இலை சல்லடையாகிவிடும். அகன்ற ஆமணக்கு இலையில் அது தூரத்திலிருந்தே கண்ணில் படும். அந்த ஒரு இலையைக் கிள்ளினால் முந்நூறு புழுவும் போயிற்று. பூச்சியின் பழக்கமும் இலையின் அகலமும் இவ்வளவு பொருந்தி வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கேந்தி கவரும் தக்காளிக் காய்ப்புழு அப்படியல்ல. குண்டூசித் தலையளவு முட்டை, ஒவ்வொன்றாக, வேறு வேறு பூவில், வேறு வேறு மொட்டில். மூன்று நான்கு நாளில் பொரிக்கும். இரண்டு மூன்று வாரம் தின்று மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி அந்துப்பூச்சியாக எழும். அது அடுத்து முட்டையிடத் தேடும்போது பக்கத்தில் இருப்பது நம் தக்காளிதான். கேந்தியைப் பறிக்காமல் விட்டால் அந்த வரிசை பொறி அல்ல, புழுவுக்கு நாற்றங்கால்.

பூ விற்கும்வரை கவலையில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கும்போதே முட்டையும் சிறு புழுவும் பூவோடு போய்விடும். ஆனால் விலை படுத்து, பறிகூலிக்கே கட்டாத வாரத்தில் என்ன செய்வோம்? பூவைச் செடியிலேயே விட்டுவிடுவோம். பொறி நமக்கு எதிராகத் திரும்புவது அந்த வாரத்தில்தான். பூ விற்று உபரி வருமானம் பார்க்கலாம் என்று சொல்கிறவர்கள், விற்காத பூவையும் பறித்தாக வேண்டும் என்பதைச் சொல்லாவிட்டால் அது பாதிப் பரிந்துரைதான். பறித்ததை வரப்பில் கொட்டாதீர்கள். புழு ஊர்ந்து திரும்பிவிடும். சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஆள் கிடைக்காவிட்டால், காய்ப்புழுவுக்கான என்.பி.வி. வைரஸ் கரைசலைக் கேந்தி வரிசைக்கு மட்டுமாவது மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் அதன் வீரியம் குறையும்.

தானே கொல்லும் செடியும் உண்டு. சீனாவில் நெல் வரப்புகளில் வெட்டிவேர் நடுகிறார்கள். தண்டுத்துளைப்பான் அதில் முட்டையிடும், பொரித்த புழு பிழைக்காது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வாசகர்கள் பிசானப் பருவ நெல்லுக்கு இதைச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே வெட்டிவேருக்கு ஏமாறுவது வரித் தண்டுத்துளைப்பான். நம் வயலில் குருத்தைக் காயவைப்பதும் கதிரை வெண்கதிர் ஆக்குவதும் பெரும்பாலும் மஞ்சள் தண்டுத்துளைப்பான். அது நெல்லை விட்டு வேறு செடிக்குப் போவது அரிது. அதற்குப் பதிலாக, நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். முட்டைக் குவியல் அங்கேதான் இருக்கும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கேந்தி நூற்புழுவைப் பிடிக்குமா? பிடிக்காது, அதன் வேரிலுள்ள வேதிப்பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு, அது வேறு கதை.

வாழைக் கூன்வண்டுக்கு? பிளந்த வாழைத்தண்டை வெட்டுப்பக்கம் தரையில் படும்படி வையுங்கள்; கூடும் வண்டுகளைக் காலையில் பொறுக்கி அழியுங்கள்.

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு? சுற்றி மூன்று நான்கு வரிசை நேப்பியர் புல். அதில் சேதம் தெரிந்ததும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும்.

அக்டோபர் 6 தவறிவிட்டால்? தவறிய நாள் எத்தனையோ, தக்காளி விதைப்பையும் அத்தனை நாள் தள்ளுங்கள். தள்ள வழியில்லை என்றால் இந்தப் பருவத்துக்குக் கேந்தி வேண்டாம்.