அயோவாவின் எழுத்துப் பட்டறை

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எழுத்தாளர் பட்டறை, புனைகதை எழுதுவதையே முதுகலைப் பட்டத்திற்குரிய பயிற்சியாக ஏற்ற முன்னோடி அமைப்புகளுள் ஒன்றாகும். பட்டறை என்பது இங்கே சொற்பொழிவு கேட்கும் வகுப்பன்று. மாணவர் ஒருவரின் கைப்பிரதியை ஏனையோர் முன்கூட்டியே படித்துவந்து விவாதிக்க, எழுதியவர் வாய்திறவாது கேட்டிருக்கும் முறையே அது. புகழுரைக்குப் பழகியவர்க்கு இது கடுந்தவமே. இப்பட்டறையை நெடுங்காலம் இயக்கிய கவிஞர் பால் எங்கிள், சீனத்தில் பிறந்த நாவலாசிரியர் நியே ஹுவாலிங்குடன் இணைந்து 1967இல் நிறுவிய பன்னாட்டு எழுத்துத் திட்டமோ, ஏற்கெனவே நூல்கள் வெளியிட்ட பல நாட்டு எழுத்தாளர்களைச் சில மாதங்கள் அங்கே தங்கவைத்து, எழுதுவதற்கான ஓய்வை வழங்கும் உறைவிடத் திட்டமாகும். 1970களில் அதில் பங்கேற்ற தமிழ் எழுத்தாளர் அசோகமித்திரன், அந்த அனுபவங்களைக் கொண்டே பின்னாளில் ‘ஒற்றன்’ நாவலைப் படைத்தார்.