உங்களுக்குத் தெரியுமா? கேமிங் கணினியின் பிராசசரை எப்போது மாற்றலாம்?

கேம் திக்கித் திணறினால் முதல் பழி பிராசசர் தலையில்தான் விழுகிறது. பல வீடுகளில் அது நிரபராதி. உண்மைக் குற்றவாளியைப் பிடிக்க ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது, தெரியுமா?

வழக்கமாகத் திணறும் இடத்துக்கே போய் நில்லுங்கள். ஜனக்கூட்டம் நிறைந்த கடைவீதியாக இருக்கலாம், ஒரே நேரத்தில் பத்துப் பேர் சுட்டுக்கொள்ளும் முற்றமாக இருக்கலாம். வி-சிங்க், எஃப்.பி.எஸ். வரம்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். திரை மூலையில் தெரியும் எஃப்.பி.எஸ். எண் 72 என்று வைத்துக்கொள்வோம். செட்டிங்ஸுக்குப் போய் ரெசல்யூஷனை 1440பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். படம் மங்கும், போகட்டும். எண் 72-லிருந்து 120-க்குத் தாவினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கிராஃபிக்ஸ் கார்டு. 72 என்பது 74-ஓடு நின்றுவிட்டால் ஆசாமி பிராசசர்தான்.

காரணம் எளிது. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு யார்மேல் பட்டது, அடுத்த காட்சியில் எதையெதை வரையவேண்டும் என்று கணக்குப் போடுவது பிராசசர். வரைவது கார்டு. படத்தைச் சிறிதாக்கினால் வரைகிறவருக்கு வேலை குறையும், கணக்குப் போடுகிறவருக்குக் குறையாது.

★

டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 30 சதவீதம்தான் ஓடுகிறது என்பதால் அதன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. 16 திரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம்தான். பல கேம்களில் முக்கியமான வேலை ஒன்றிரண்டு திரெட்களில் குவிந்து கிடக்கும். அவை மூச்சு முட்டி நிற்கும்போது மற்றவை வேடிக்கை பார்க்கும்.

அதனால் கார்டு எத்தனை சதவீதம் ஓடுகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் அதைத் திரையிலேயே காட்டும். கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே இருந்தால் உங்கள் பிராசசருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. 60, 70 என்று தொங்கினால் யோசிக்கவேண்டிய நேரம். இன்டெலின் பிரசென்ட்மான் மென்பொருள் இன்னும் ஒருபடி மேல். 2023-இல் வந்த பதிப்பிலிருந்து, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டு எவ்வளவு நேரம் உண்மையிலேயே வேலை பார்த்தது என்பதை அது தனியாகப் பிரித்துக் காட்டுகிறது.

★

பிராசசரைப் பழசாக்குவது பல நேரம் புது மானிட்டர்தான்! 60 எஃப்.பி.எஸ்.-க்கு ஒரு ஃபிரேமைத் தயாரிக்க 16.7 மில்லிசெகண்ட் அவகாசம். 144-க்கு 6.9. 240-க்கு வெறும் 4.2. அதே கேம், அதே பிராசசர், ஆனால் கெடு கால்வாசியாகிவிட்டது. 4கே திரையில் 60-இல் நிம்மதியாகக் கதை கேம் ஆடுகிறவருக்கும், 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு வேலரன்ட் ஆடுகிறவருக்கும் ஒரே பிராசசரைச் சிபாரிசு செய்கிறவர் இருவரில் ஒருவருடைய பணத்தை வீணடிக்கிறார்.

சராசரி எஃப்.பி.எஸ். நன்றாக இருந்தும் கேம் வெட்டி வெட்டி ஓடுகிறதா? "1 பர்சென்ட் லோ" எண்ணை, அதாவது மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைப் பாருங்கள். சராசரி 110, இது 38 என்றால் உங்கள் கண் பொய் சொல்லவில்லை.

★

டி.எல்.எஸ்.எஸ். போட்டால் பிராசசருக்கும் சுமை குறையும் என்று நினைப்பவர் உண்டு. நேர்மாறு. 4கே திரையில் பெர்ஃபார்மன்ஸ் மோட் போட்டால் கார்டு உள்ளே வரைவது 1080பி படத்தைத்தான். அதைப் பெரிதாக்கித் தருகிறது. கார்டுக்கு வேலை குறைய, ஃபிரேம்கள் கூட, அத்தனை ஃபிரேமுக்கும் கணக்குப் போடும் பாரம் பிராசசர் தலையில் ஏறுகிறது. "புது கார்டு போட்டும் பெரிதாக வித்தியாசமே இல்லை" என்ற புலம்பலில் பாதி இங்கே பிறப்பதுதான்.

2022 அக்டோபரில் டி.எல்.எஸ்.எஸ். 3-உடன் வந்த ஃபிரேம் ஜெனரேஷன் இதற்கு ஒரு குறுக்கு வழி. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே கார்டே ஒன்றை உருவாக்கிச் செருகிவிடும், பிராசசரைக் கேட்காது. திரையில் ஓட்டம் வழுவழுப்பாகும். மவுஸை அசைத்ததற்கும் துப்பாக்கி திரும்புவதற்கும் இடையிலுள்ள தாமதம் மட்டும் குறையாது. போட்டி கேம் ஆடுகிறவர்களுக்கு இது மாற்று இல்லை.

★

3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ராம் உங்கள் கணினியில் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கலாம்! பயாஸில் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்கினால்தான் வாங்கிய வேகம் கிடைக்கும். அசெம்பிள் செய்துகொடுத்தவர் மறந்திருந்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒற்றை ராம் போட்ட கணினியும் இதே ரகம். இரண்டாவது ஸ்லாட்டில் ஜோடி ராம் ஒன்றைச் சேர்த்தால் டூயல் சேனல் ஆகிப் பிராசசருக்குத் தரவு போகும் பாதை இரட்டிப்பாகும். பிராசசரை மாற்றும் முன் இவை இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

★

மே மாத வெயிலில் மட்டும் கேம் மந்தமாகிறதா? கூலரிலுள்ள தூசியைத் தட்டுங்கள், தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். ஏஎம்டி-யின் ரைசன் 7000 வரிசையில் பல பிராசசர்கள் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் பதறவேண்டாம்.

★

2011 ஜனவரியில் வந்த இன்டெல் ஐ7-2600கே-யில் நான்கு கோர், எட்டு திரெட். ஆறு வருடம் கழித்து, 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே-யிலும் நான்கு கோர், எட்டு திரெட்! நடுவில் வருடாவருடம் புதுசு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது சில்லறை முன்னேற்றம்தான். பழசையே வைத்திருந்தவர்கள் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை.

பிறகு ரைசன் வந்து சந்தையைக் கலக்கியது. அதே 2017 அக்டோபரில் ஆறு கோருடன் ஐ7-8700கே இறங்கியது. ஒன்பது மாதம் முன்பு 7700கே வாங்கியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கூடுதல் எரிச்சல் ஒன்றும் உண்டு: இரண்டுக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றேதான், எல்ஜிஏ 1151. ஆனால் பழைய போர்டில் புது பிராசசர் வேலை செய்யாது. இன்டெல் 300 வரிசை போர்டு தனியாக வாங்கவேண்டும்.

காலண்டரைப் பார்த்து மாற்றவும் முடியாது, சாக்கெட் பெயரைப் பார்த்து நம்பவும் முடியாது.

★

மதர்போர்டை மாற்றாமலே ஐந்து வருடத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டலாம், தெரியுமா? ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம். 2017-இல் ரைசன் 5 1600 போட்ட பி350 போர்டில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைப் போட்டவர்கள் ஏராளம். போர்டு அதே, ராம் அதே, கேபினெட் அதே.

அந்தப் பிராசசரே ஒரு விசித்திரம். அதன் அண்ணனான 5800எக்ஸ் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், இது 4.5-ஐத் தாண்டாது. ஆனால் கேமில் இதுதான் முந்தும். அண்ணனிடம் 32 எம்பி எல்3 கேஷ். இதில் சிப்பின் மேலேயே இன்னொரு 64 எம்பி அடுக்கை ஒட்டி, மொத்தம் 96 எம்பி ஆக்கிவிட்டார்கள். கேமுக்கு அடிக்கடி தேவைப்படும் தரவு கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் ராம் வரை ஓடவேண்டிய நடை குறைகிறது. ஃபேக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் மாதிரி கேம்களில் இந்த வித்தியாசம் கண்கூடு.

இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. 400 வரிசை போர்டுகளுக்கு ரைசன் 5000 கிடையாது என்றுதான் 2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது. பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி-தான்; அத்தனை பிராசசர்களின் விவரமும் அதற்குள் அடங்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். வாடிக்கையாளர்கள் கொந்தளித்ததும் அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. 2022-இல் பி350 போன்ற 300 வரிசை போர்டுகளுக்கும் வழி திறந்தது. முன்பணம் கொடுக்குமுன் போர்டு கம்பெனியின் பட்டியலில் உங்கள் மாடலின் பெயரும், தேவையான பயாஸ் பதிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்கவேண்டும். புதியதைப் போட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் திரையே வராது. இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக 2018-இல் ஏஎம்டி ஒரு பழைய பிராசசரையே இரவலாக அனுப்பிவைத்தது. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவேண்டும்.

★

ஏஎம்4 கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும்! லீவர் பூட்டியபடியே இருந்தாலும் வரும். காய்ந்துபோன பேஸ்ட் அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கும். அடிப்பக்கம் 1331 பின்கள். ஒன்று வளைந்தாலும் தலைவலி. முதலில் ஒரு கேமைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். பிறகு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றுங்கள். கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டது கைக்கே தெரியும்; அப்புறம் தூக்குங்கள். ஏஎம்5-இல் பின்கள் போர்டின் பக்கம் போய்விட்டன. அங்கே கவனம் சாக்கெட்டின்மேல் இருக்கட்டும்.

★

கிகாஹெர்ட்ஸ் எண் பெரிதென்றால் வேகமா? 2004-இலேயே பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டிவிட்டது. அதே ஆண்டு 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. 2006-இல் 2.4 கிகாஹெர்ட்ஸில் வந்த கோர் 2 டுவோ அந்தப் பென்டியம் 4-ஐத் தூக்கிச் சாப்பிட்டது.

★

பிசி-க்கு எந்தப் பிராசசர் போதும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பிளேஸ்டேஷன்! பிஎஸ்4-இல் இருந்தவை 1.6 கிகாஹெர்ட்ஸில் நடைபோடும் எட்டு நோஞ்சான் கோர்கள். அதற்காக எழுதிய கேம்களை நான்கு கோர் பிசி கூட ஊதித் தள்ளியது. 2020 நவம்பரில் வந்த பிஎஸ்5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-இலும் இருப்பவை எட்டு ஜென் 2 கோர்கள். பழைய கன்சோல்களைக் கைகழுவிவிட்டுப் புதியவற்றுக்கு மட்டும் கேம்கள் வர ஆரம்பித்ததும் பழைய பிசிக்களின் சாயம் வெளுத்தது. 2023-இன் பால்டர்ஸ் கேட் 3-இல் மூன்றாம் பாகத்து நகரம், 2024-இன் டிராகன்ஸ் டாக்மா 2-இல் ஊருக்குள் நுழைந்த கணம் என்று கூட்டமுள்ள இடங்களில்தான் பிராசசர்கள் மண்டியிட்டன.

★

வேகம் போதாமல் மட்டுமல்ல, தகுதி போதாமலும் பிராசசர் ஓய்வு பெறும். 2016-இல் நோ மேன்ஸ் ஸ்கை வெளியானபோது எஸ்.எஸ்.இ. 4.1 கட்டளைகள் தெரியாத ஏஎம்டி ஃபினாம் பிராசசர்களில் ஓட மறுத்தது, அப்புறம் சரிசெய்தார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் 7700கே-யும் இல்லை, ரைசன் 1600-உம் இல்லை. பேட்டில்ஃபீல்ட் 6 செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது. அது பழைய போர்டிலும் இருக்கலாம், அணைந்து கிடக்கும். பயாஸில் தேடிப் பாருங்கள்.

★

மலிவான கார்டுக்குப் புதுப் பிராசசர் தேவைப்படும் வேடிக்கையும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580, விலைக்கு நல்ல கார்டு. ஆனால் ரைசன் 5 2600 போன்ற பழையவற்றோடு சேர்த்தால் பல கேம்களில் சுணங்கிப்போகிறது. பழைய பிசி-க்கென்றே தேடி வாங்கப்படும் பட்ஜெட் கார்டு பழைய பிசி-யில்தான் முரண்டு பிடிக்கிறது!

★

செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வருகிறதா? அவற்றில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறிச் சிப் சேதமடையும் பிரச்சினை இருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் மைக்ரோகோட் திருத்தங்கள் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது. முந்தைய உரிமையாளர் எப்போது பயாஸைப் புதுப்பித்தார் என்று கேளுங்கள். அவர் திருதிருவென விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

★

ஏஎம்5-க்குத் தாவுகிறவர் வாங்குவது பிராசசரை மட்டுமல்ல. போர்டும் புதுசு, ராமும் புதுசு, ஏனென்றால் ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டும்தான். 2025 கடைசியில் ஏஐ மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை கேட்டுவிட்டு, பிராசசரை விட ராமுக்கு யோசிக்கவேண்டிய நிலை. என்னைக் கேட்டால், டிடிஆர்4 கணினி வைத்திருப்பவர் அதே சாக்கெட்டில் போடக்கூடிய கடைசிப் பிராசசரை முதலில் தேடட்டும்.

★

கழற்றிய பழைய பிராசசரைத் தம்பியின் படிப்புக் கணினிக்குக் கொடுக்கப் போகிறீர்களா? மாடல் எண்ணின் கடைசியிலுள்ள எழுத்துகளைப் பாருங்கள். இன்டெலில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ரைசன் 1000 முதல் 5000 வரை 'ஜி' இருந்தால்தான் உண்டு. இல்லையென்றால் தனிக் கார்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்; அது இல்லாமல் தம்பியின் மானிட்டரில் படமே வராது.