கட்டி வேடம் போடும் எம்.எஸ்.

எம்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. ஸ்கேனில் அந்தப் பாதிப்பு பொதுவாகச் சிறு சிறு திட்டுகளாகத் தெரியும். ஆயிரம் நோயாளிகளில் ஓரிருவருக்கு மட்டும் ஒரு திட்டு 2 செ.மீ.க்கு மேல் பெருத்து, சுற்றிலும் வீக்கத்துடன் மூளைக்கட்டி போலவே நிற்கும். எம்.எஸ். இருப்பதே அதுவரை தெரியாதவருக்கும் இது முதல் அறிகுறியாக வரலாம்.

அறிகுறியும் குழப்பமும்

எம்.எஸ். என்றால் பார்வை மங்கல், மரத்துப்போதல் என்றுதான் எதிர்பார்ப்போம். இதிலோ தலைவலி, குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கம் செயலிழப்பு, சிலருக்கு வலிப்பு. வீட்டார் பக்கவாதம் என்று பதறி ஓடிவருவதில் வியப்பில்லை; ஓடிவருவதுதான் சரியும்கூட.

முழுமையாகாத வளையம்

மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கட்டியின் விளிம்பு பெரும்பாலும் முழு வளையமாக ஒளிரும். எம்.எஸ். திட்டின் வளையமோ பல நேரம் ஒரு பக்கம், குறிப்பாக மூளையின் மேற்புறணியை நோக்கி, திறந்திருக்கும். அளவுக்கேற்ற அழுத்தமும் இருக்காது. ஆனால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் நாடாப்புழுக் கட்டியும் வளையம் காட்டுகின்றன. முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை, முதுகுத்தண்டின் ஸ்கேன், பழைய படங்களோடு ஒப்பீடு எல்லாம் சேர்ந்துதான் விடை தரும்.

அவசரம் எங்கே ஆபத்து?

புற்றுநோய் என்று தவறாக எண்ணிக் கதிர்வீச்சு கொடுத்தால், ஏற்கெனவே மயலின் இழந்த பகுதி மேலும் சிதையலாம். மறுபக்கமும் உண்டு. ஸ்டீராய்டு கொடுத்ததும் திட்டு சுருங்கினால் எம்.எஸ்.தான் என்று நிம்மதியடைய முடியாது. மூளை லிம்போமா என்ற புற்றுநோயும் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாகச் சுருங்கி, பிறகு எடுக்கும் திசுப் பரிசோதனையையே ஏமாற்றிவிடும். லிம்போமா சந்தேகம் வலுவாக இருந்தால், முடிந்தவரை திசு எடுத்த பிறகே ஸ்டீராய்டைத் தொடங்குகிறார்கள். திசுவிலும் எம்.எஸ். திட்டின் செல்கள் கட்டிச் செல்கள் போலத் தோற்றமளிப்பதால், எம்.எஸ். ஐயம் இருப்பதை நோய்க்கூறு மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

சிகிச்சை

முதல் மருந்து, சிரை வழியே 3 முதல் 5 நாள் வரை தினமும் 1 கிராம் மெத்தில்பிரட்னிசலோன். பலனில்லையென்றால் பிளாஸ்மா மாற்று. பலர் நன்றாகத் தேறுகிறார்கள். பிறகு மறுதாக்குதலைத் தடுக்கும் நீண்டகால மருந்து தேவைப்படலாம். அத்தகைய மருந்துகளில் ஒன்றான பிங்கோலிமாட் மாத்திரை எடுத்தவர்களிடமும், அதைத் திடீரென நிறுத்தியவர்களிடமும் இத்தகைய பெரிய திட்டுகள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே எம்.எஸ். மாத்திரையை நிறுத்துவதும் மாற்றுவதும் நரம்பியல் மருத்துவர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும்.